உபுண்டு 24.04: தீம், ஐகான், டாக் எல்லாம் மாற்றுவதா, வந்தபடியே விடுவதா?

வெண்கலம்

வணக்கம். மடிக்கணினியில் உபுண்டு 24.04 நிறுவியிருக்கிறேன். டெஸ்க்டாப் க்னோம் 46, திரையை நடத்தும் முறை வேலேண்ட். 8 ஜிபி ரேம், இன்டெலின் உள்ளமை கிராஃபிக்ஸ், 14 அங்குலத் திரை, 1920 × 1080. விஎஸ் கோட், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆஃபிஸ், தமிழ்99 தட்டச்சு, இவ்வளவுதான் வேலை.

மாற்ற நினைப்பவை: மேக் சாயலில் ஒரு கருப்புத் தீம், பேப்பிரஸ் ஐகான்கள், கீழே மிதக்கிற டாக் (செயலி ஐகான்கள் நிற்கும் பட்டை), மேல்பட்டையில் மங்கலான கண்ணாடித் தோற்றம், எழுத்துரு.

அலுவலகத்தில் ஒருவர் "வந்தபடியே வை, ஆறு மாசத்துல எல்லாம் புட்டுக்கும்" என்கிறார். இன்னொருவர் "மாத்தாம வெச்சுக்கிறதுக்கு லினக்ஸ் எதுக்கு" என்கிறார். இரண்டு பேருமே காரணம் சொல்வதில்லை. உண்மையில் எது உடைகிறது, ஏன்? எதைத் தொட்டால் பின்னால் தலைவலி இல்லை? பழைய நிலைக்குத் திரும்ப இப்போதே என்ன எடுத்து வைக்க வேண்டும்?

மூன்றடுக்கு

உடையுமா உடையாதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. நீங்கள் கேட்ட ஐந்தும் ஐந்து வெவ்வேறு இடங்களில் கை வைக்கிற வேலைகள்.

ஐகான் இருப்பதிலேயே ஆபத்து குறைந்தது. ஐகான் தீம் என்றால் படக்கோப்புகள், எந்தப் படம் எந்த அளவுக்கு என்று சொல்லும் ஒரு பட்டியல் கோப்பு, அவ்வளவுதான். இயங்கும் நிரல் எதுவும் உள்ளே கிடையாது. ஒரு செயலிக்கு அதில் படம் இல்லையென்றால் அந்தத் தீம் சார்ந்திருக்கும் அடுத்த தீமில் தேடும், அங்கும் இல்லையென்றால் ஹைகலர் என்ற பொதுத் தொகுப்புக்குப் போகும். மிஞ்சிப்போனால் வரிசையில் ஒரு ஐகான் மட்டும் வேறு சாயலில் நிற்கும். பேப்பிரஸ் உபுண்டு களஞ்சியத்திலேயே இருக்கிறது, உபுண்டுவின் பொதி நிறுவும் கட்டளையான ஏபிடி வழியாகவே நிறுவுங்கள். ஜிப்பாக இறக்கி ஹோமில் விரித்து வைத்தால் அதைப் புதுப்பிக்க ஆள் கிடையாது.

டாக்குக்கு எதையும் நிறுவவே வேண்டாம். உபுண்டு டாக் என்பது டேஷ் டு டாக் என்ற க்னோம் நீட்சியிலிருந்து (எக்ஸ்டென்ஷன்) பிரிந்து வந்ததுதான். செட்டிங்ஸ் திறந்து உபுண்டு டெஸ்க்டாப் பகுதிக்குப் போய், பேனல் மோடை அணைத்து, இடத்தைக் கீழே என்று வைத்து, ஐகான் அளவை 48-லிருந்து 40 அல்லது 36-க்குக் குறைத்தால் நீங்கள் கேட்கிற மிதக்கும் டாக் வந்துவிடும். இதற்கு மேல் டேஷ் டு டாக்கையும் தனியாகப் போடாதீர்கள். இரண்டும் ஒரே அமைப்பு விசைகளைத்தான் படிக்கின்றன.

தீம் விஷயத்தில்தான் பெரும்பாலோர் சிக்குகிறார்கள். உங்கள் கணினியில் இருக்கும் செயலிகள் ஒரே கருவித்தொகுப்பில் எழுதப்பட்டவை அல்ல. க்னோம் டெர்மினல் ஜிடிகே 3 என்ற கருவித்தொகுப்பு. லிப்ரெஆஃபிஸ் ஜிடிகே 3-ன் தோற்றத்தைக் கடன் வாங்குகிறது. ஃபைல்ஸ், செட்டிங்ஸ், டெக்ஸ்ட் எடிட்டர், கால்குலேட்டர் எல்லாம் ஜிடிகே 4, அதன்மேல் க்னோமின் தோற்ற நூலகமான லிப்அத்வைதா. விஎஸ் கோடுக்குத் தனித் தீம். ட்வீக்ஸ் என்ற கூடுதல் அமைப்புச் செயலியில் தீம் மாற்றும் இடத்துக்கு 'லெகஸி அப்ளிகேஷன்ஸ்' என்று பெயர் வைத்திருப்பதைப் பாருங்கள். அது ஜிடிகே 3 செயலிகளை மட்டுமே மாற்றும். லிப்அத்வைதா 1.0 வந்தது 2021 டிசம்பர் கடைசியில். 2022 மார்ச்சில் க்னோம் 42 முதல் பெரும்பாலான க்னோம் செயலிகள் அதற்கு மாறத் தொடங்கின. அது தன் சொந்த சிஎஸ்எஸ்ஸை (தோற்ற விதிகள் உள்ள கோப்பு) மட்டுமே ஏற்றிக்கொள்ளும், நீங்கள் தேர்ந்தெடுத்த தீம் பெயரைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே மேக் தீம் போட்டதும் டெர்மினல் ஒரு முகத்தோடும் ஃபைல்ஸ் இன்னொரு முகத்தோடும் நிற்கும். அது பிழை இல்லை, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள்.

இதைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி உண்டு. தீமின் ஜிடிகே 4 கோப்புகளை ஹோமில் உள்ள .கான்ஃபிக் கோப்புறைக்குள் ஜிடிகே-4.0 என்ற இடத்தில் போடுவது. பல தீம்களின் நிறுவல் ஸ்கிரிப்டுகள் இதைக் கேட்டுச் செய்கின்றன, சில கேட்காமலும் செய்கின்றன. அங்கே வைக்கிற சிஎஸ்எஸ் எல்லா ஜிடிகே 4 செயலிகளுக்கும், செயலியின் சொந்த சிஎஸ்எஸ்ஸுக்கு மேலேயே ஏறும். லிப்அத்வைதாவின் அடுத்த பதிப்பில் புதிதாக ஒரு விட்ஜெட் வந்தால் அதற்கு அந்த சிஎஸ்எஸ்ஸில் விதி இருக்காது. கருப்புப் பின்னணியில் கருப்பு எழுத்து வருவது இப்படித்தான்.

ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக (உபுண்டுவின் தனி அடைப்பில் ஓடும் பொதி வடிவம்) வந்திருந்தால் அதற்கு உங்கள் ஹோமில் உள்ள தீம் கண்ணில் படாது. ஸ்னாப்பாகவே வந்த தீம்களை மட்டுமே அது பார்க்கும். ஃபிளாட்பேக் என்ற இன்னொரு பொதி வடிவமும் ஏறக்குறைய அதே கதைதான், அந்தத் தீமின் ஃபிளாட்பேக் பொதியைத் தனியாக நிறுவ வேண்டியிருக்கும்.

மேல்பட்டையின் மங்கல் நீட்சி வேலை. இதுதான் உங்கள் பட்டியலில் உடையக்கூடியது. க்னோம் நீட்சி என்பது தனியாக ஓடும் நிரல் அல்ல. மேல்பட்டை, டாக் எல்லாவற்றையும் காட்டும் க்னோம் ஷெல்லின் உள்ளேயே ஜாவாஸ்கிரிப்டாக ஏறி, ஷெல்லின் சொந்தச் செயல்கூறுகளை ஓடும்போதே மாற்றிவிடுகிறது. அதற்கென்று நிலையான இடைமுகம் எதையும் க்னோம் உறுதி சொல்லவில்லை. உள்ளே ஒரு பெயர் மாறினால் நீட்சி விழும். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45-ல் தொகுதிகளை ஏற்றும் முறையையே மாற்றினார்கள், அதற்கு முன் எழுதிய எல்லா நீட்சிகளையும் திருத்த வேண்டியதாயிற்று. உபுண்டு 22.04-ல் இருந்தது க்னோம் 42, 24.04-ல் 46. நடுவே இந்த மாற்றம் விழுந்ததால் அந்த மேம்படுத்தலில் பழைய நீட்சிகள் மொத்தமாக நின்றன.

ஆனால் "ஆறு மாசத்துல" என்பது உங்களுக்குப் பொருந்தாது. க்னோம் மார்ச்சிலும் செப்டம்பரிலும் புதுப் பதிப்பு விடுகிறது. ஃபெடோராவிலும் உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளிலும் அது அப்படியே வந்து சேரும். நீங்கள் 24.04-ல் இருக்கிற வரை 46-லேயே இருப்பீர்கள், சிறு திருத்தங்கள்தான் வரும். நீட்சி போடுவதற்கு 24.04 போன்ற எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்புதான் ஏற்ற இடம்.

வேலேண்டில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். க்னோம் ஷெல்தான் அங்கே திரையையே நடத்துகிறது. வேலேண்டுக்கு முந்தைய முறையான எக்ஸ் ஆர்கில் ஆல்ட்+எஃப்2 அழுத்தி ஆர் கொடுத்தால் ஷெல் மட்டும் மறுபடி எழும், திறந்திருந்த சாளரங்கள் அப்படியே இருக்கும். வேலேண்டில் அந்த வசதி இல்லை. ஷெல் விழுந்தால் சேமிக்காத கோப்புகளும் சேர்ந்தே போகும். நீட்சியை வேலை நேரத்தில் முயன்று பார்க்காதீர்கள்.

மங்கல் வேண்டும் என்றால் 'பிளர் மை ஷெல்' போடலாம், எக்ஸ்டென்ஷன் மேனேஜர் வழியாக. பேனலுக்கு ஸ்டாட்டிக் பிளர் என்ற தேர்வை வையுங்கள், பின்படத்தை ஒருமுறை மங்கலாக்கி அதையே காட்டும். செயலிச் சாளரங்களை மங்கலாக்கும் பகுதியை அணைத்தே வையுங்கள். திரை அசையும்போதெல்லாம் மறுபடி மறுபடி கணக்கிடுவது உள்ளமை கிராஃபிக்ஸுக்குச் சுமை, பேட்டரியும் இறங்கும்.

முன்னெச்சரிக்கையாக இரண்டு செய்யுங்கள். முதலில், க்னோம் அமைப்புகளின் சேமிப்பிடமான டிகான்ஃபின் கட்டளைக்கு டம்ப் கொடுத்து, பக்கத்தில் ஒரு சாய்கோடு போட்டு, வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்புங்கள். உங்கள் க்னோம் அமைப்புகள் மொத்தமும் படிக்கக்கூடிய உரையாக வந்துவிடும், லோட் கொடுத்தால் திரும்ப ஏறும். அடுத்து, செட்டிங்ஸ், சிஸ்டம், யூசர்ஸ் போய் சோதனைக்கென்று ஒரு பயனரை உருவாக்கி, எந்தத் தீமையும் முதலில் அங்கே போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் அந்தப் பயனரையே அழித்துவிடலாம்.

உள்நுழைந்ததும் கருந்திரை வந்தால் கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3 அழுத்தி உரைத்திரையில் நுழையுங்கள். ஹோமில் .லோக்கல், ஷேர், க்னோம்-ஷெல் என்று உள்ளே போய் எக்ஸ்டென்ஷன்ஸ் கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்1 உள்நுழைவுத் திரைக்குத் திரும்பக் கொண்டுவரும்.

பிளாஸ்மாப்பிரியன்

இவ்வளவு மல்லுக்கட்டுவதற்குப் பேசாமல் கேடிஇ பிளாஸ்மா என்ற வேறு டெஸ்க்டாப்புக்கு வந்துவிடலாம். மேலே இருப்பவர் நீட்சி போட்டுச் செய்கிறதெல்லாம் இங்கே செட்டிங்ஸில் சாதாரணப் பொத்தான்கள். மங்கல் பிளாஸ்மாவின் சாளர மேலாளரான கேவினிலேயே உள்ளது. பட்டையை எந்தப் பக்கமும் வைக்கலாம், மிதக்கவும் விடலாம். உருவாக்கியவர்களே கொடுத்திருக்கும் வசதி என்பதால் பதிப்பு மாறினாலும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பிளாஸ்மாவில் தோற்றத்தை மாற்றும்போது கவனிக்க வேண்டியது, குளோபல் தீம் என்பது ஒரு பொட்டலம். வண்ணத்தொகுதி, பிளாஸ்மா ஸ்டைல், சாளர விளிம்பு, ஐகான், சுட்டி எல்லாம் சேர்ந்தே வரும். அதைப் பூசும்போது தோற்றத்தை மட்டும் மாற்றவா, டெஸ்க்டாப் மற்றும் சாளர அமைப்பையும் மாற்றவா என்று கேட்கும். இரண்டாவதைத் தெரியாமல் டிக் செய்தால் நீங்கள் அடுக்கி வைத்த பட்டைகளும் விட்ஜெட்டுகளும் காலி.

குளோபல் தீமுக்குள் இயங்கும் நிரலும் இருக்கலாம். 2024 மார்ச்சில் கேடிஇ ஸ்டோரிலிருந்து இறக்கிய ஒரு குளோபல் தீம் ஒருவருடைய கோப்புகளை அழித்தது. கெட்ட எண்ணம் இல்லை, உள்ளே இருந்த ஸ்கிரிப்டில் அழிக்கும் கட்டளை தவறான இடத்தில் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு கேடிஇ தரப்பிலிருந்தே எச்சரிக்கை விட்டார்கள். எனவே தோற்றம் மட்டும் வேண்டுமென்றால் இயல்பாக வரும் பிரீஸ் தீமை அப்படியே வைத்துக்கொண்டு வண்ணத்தொகுதியை மட்டும் இறக்குங்கள். அது வெறும் உரைக்கோப்பு, எதையும் ஓட்டாது. சாளர விளிம்பில் அரோரே வகையைத் தவிர்த்துவிடுங்கள், பிரீஸைவிடக் கனமானது.

எதையெல்லாம் மாற்றினோம் என்று மறந்துபோனால் சிஸ்டம் செட்டிங்ஸில் 'மாற்றிய அமைப்புகளைக் காட்டு' என்று ஒரு பொத்தான் உண்டு. இயல்புநிலையில் இல்லாத ஒவ்வொரு பக்கத்துக்கும் அருகே புள்ளி வைத்துக் காட்டும். இதைப் போல ஒன்று க்னோமில் கிடையாது.

பட்டை காணாமல் போனால் .கான்ஃபிக் கோப்புறையில் பிளாஸ்மா என்று தொடங்கி ஆப்லெட்ஸ்ஆர்சி என்று முடியும் கோப்பை அழிக்கச் சொல்வார்கள். சரிதான், ஆனால் பிளாஸ்மாஷெல்லை முதலில் நிறுத்திவிட்டு அழியுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது அழித்தால் அது மூடும் நேரத்தில் நினைவில் இருந்ததை அப்படியே எழுதிவிட்டுப் போகும், பழைய குளறுபடி மறுபடி வந்து நிற்கும்.

மூன்றடுக்கு

@பிளாஸ்மாப்பிரியன் சொன்னதெல்லாம் சரி. குறுக்கே ஒரே ஒரு தகவல்: கேடிஇயோடு வரும் உபுண்டுவான குபுண்டு 24.04-ல் இருப்பது பிளாஸ்மா 5.27. பிளாஸ்மா 6 வெளிவந்தது 2024 பிப்ரவரியில், அந்த எல்டிஎஸ்ஸுக்கு அது எட்டவில்லை. 5-க்கு எழுதிய விட்ஜெட்டுகள் 6-ல் திருத்தாமல் ஓடாது. க்னோம் 45-ல் நடந்தது இங்கே வேறு பெயரில் நடக்கும். கேடிஇக்குப் போனால் உடையாது என்று நம்பிப் போக வேண்டாம், வெளியாள் எழுதிய விட்ஜெட் குறைவாக இருந்தால் குறைவாக உடையும்.

வெறும்திரை

"மாத்தாம வெச்சுக்கிறதுக்கு லினக்ஸ் எதுக்கு"ன்னு சொன்னவர்கிட்ட கேக்கணும், எந்த டீஃபால்ட்டைச் சொல்றார்னு. உபுண்டு கொடுக்கிறதே க்னோமோட டீஃபால்ட் கிடையாது. டாக், டெஸ்க்டாப் ஐகான், ஆப்இண்டிகேட்டர், டைலிங் அசிஸ்டன்ட்னு நாலு நீட்சி ஏற்கெனவே போட்டுத்தான் வருது. நிஜமான க்னோமைப் பாக்கணும்னா ஃபெடோரா ஒர்க்ஸ்டேஷனைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. அங்க டாக்கும் கிடையாது, மினிமைஸ் பொத்தானும் கிடையாது. அப்ப உபுண்டு வந்தபடி இருக்கிறதே ஒருத்தர் மாத்தி, சோதிச்சு, பராமரிக்கிற கஸ்டமைசேஷன்தான். வித்தியாசம் என்னன்னா அதைப் பராமரிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கு.

தோற்றத்துக்குச் செலவு பண்ற நேரத்தை நடத்தைக்குச் செலவு பண்ணுங்க. சாளரத்தை எப்படித் தள்றீங்க, பணிவெளி எத்தனை, எந்த விசை எதைத் திறக்குது, இதெல்லாம் நாளுக்கு நூறு தடவை கைக்கு வரும். மேல்பட்டை மங்கலா தெளிவாங்கிறது ரெண்டாவது நாள் கண்ணுக்கே தெரியாது.

உங்க திரை 14 அங்குலம், 1080. 100%-ல எழுத்து பொடிசா இருக்குன்னு 125% வைப்பீங்க. வைக்காதீங்க. 125% மாதிரி முழு மடங்கு இல்லாத அளவு வெச்சா, வேலேண்டுக்குள்ள பழைய எக்ஸ் செயலிகளை ஓட்டுற எக்ஸ்வேலேண்ட் வழியா ஓடுற செயலிங்க எல்லாம் மங்கிடும். எலக்ட்ரான்ல ஆன விஎஸ் கோடும் அப்படி ஓடுச்சுன்னா கண்ணாடி மாத்தணுமோன்னு தோணும். அளவை 100%-லயே விட்டுட்டு, ட்வீக்ஸ்ல ஃபான்ட்ஸ் பகுதியில இருக்கிற ஸ்கேலிங் ஃபேக்டரை 1.15, இல்ல 1.2 வையுங்க. எழுத்து மட்டும் பெருசாகும், எல்லா இடத்துலயும் கூர்மையா இருக்கும்.

தீம் பத்தி: 2019-ல க்னோம் செயலி எழுதறவங்க பலர் சேந்து, எங்க செயலிக்குத் தீம் போடாதீங்கன்னு ஒரு திறந்த மடல் போட்டாங்க. அதைச் சொல்லிச் சண்டை போடறவங்க நிறைய பேர் முழுசாப் படிச்சதில்ல. அது விநியோகம் தயாரிக்கிறவங்களுக்கு எழுதுனது. சொந்தக் கணினியில நோண்டறவங்களை ஒண்ணும் சொல்லல. ஆனா ஒண்ணு, தீம் போட்டுக்கிட்டு அந்தச் செயலி மேல பிழை அறிக்கை அனுப்பாதீங்க. பொத்தான் தெரியலன்னு அனுப்புனா அவங்க முதல்ல கேக்கிறது இயல்பான தீம்ல வருதான்னுதான். செயலியைக் கட்டளை வரியில, ஜிடிகே_தீம் மாறிக்கு அத்வைதா மதிப்பு கொடுத்து ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு அனுப்புங்க. ஜிடிகே 3 செயலின்னா பாதிச் சந்தேகம் அங்கயே தீந்துடும்.

கருப்புத் தோற்றம் வேணும்னா செட்டிங்ஸ்ல அப்பியரன்ஸ் போய் டார்க் அழுத்துங்க, பக்கத்துலயே 10 வண்ணம் இருக்கு, ஒண்ணை எடுத்துக்குங்க. உபுண்டுவோட சொந்தத் தீம் பேரு 'யாரு' (Yaru), அதுவே மாறிக்கும், ஜிடிகே 3-ம் 4-ம் ஒண்ணா மாறும். 90% பேருக்கு இதோட தீம் தேடுற வேலை முடிஞ்சுது.

எழுத்தாணி

தமிழ்99 பயன்படுத்துகிறேன் என்று கேள்வியில் இருக்கிறது, யாரும் அதைத் தொடவில்லை. மேக் மாதிரி ஆக்குகிறவர்கள் முதலில் செய்வது சூப்பர்+ஸ்பேஸை ஏதாவது தேடல் லாஞ்சருக்குக் கொடுப்பது. க்னோமில் விசைப்பலகை மொழி மாறுவது அதே சூப்பர்+ஸ்பேஸில்தான். லாஞ்சர் திறக்கும், தமிழ் மாறாது, "அப்டேட்டுக்கு அப்புறம் ஐபஸ் வேலை செய்யல" என்று, தமிழ் உள்ளீட்டைத் தரும் ஐபஸ் மேல் பழி போட்டுக் கேள்வி வரும். லாஞ்சருக்கு வேறு விசை கொடுங்கள். மேல்பட்டையை மறைக்கும் நீட்சி போட்டாலும் இப்போது தமிழா ஆங்கிலமா என்று காட்டும் குறி மறைந்துபோகும், கடவுச்சொல் தட்டும்போது அதன் அருமை தெரியும்.

கேடிஇக்கு மாறுவதாக இருந்தால், வேலேண்டில் சிஸ்டம் செட்டிங்ஸ் போய் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பகுதியில் ஐபஸ் வேலேண்ட் அல்லது எஃப்சிடிஎக்ஸ் 5 என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்துத் திரையில் தோன்றும் விசைப்பலகை என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள்.

எழுத்துருவுக்கு வருவோம். இடைமுக எழுத்துருவாக வரும் உபுண்டு எழுத்துருவில் தமிழ் கிடையாது. நீங்கள் வேறு எந்த அழகான ஆங்கில எழுத்துருவைப் போட்டாலும் பெரும்பாலும் அதிலும் தமிழ் இருக்காது. தமிழ் வரும் இடத்தில் ஃபான்ட்கான்ஃபிக் என்ற அடுக்கு வேறொரு எழுத்துருவைத் தேடிக் கொடுக்கிறது. எதைக் கொடுக்கிறது என்று பார்க்க எஃப்சி-மேட்ச் கட்டளையில் சான்ஸ்-செரிஃப், மொழி டிஏ என்று கேளுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் வரலாம், லோஹித் தமிழ் வரலாம். பத்துத் தமிழ் எழுத்துருக்களை ஒன்றாக நிறுவினால் இந்தத் தேர்வு உங்களைக் கேட்காமலே மாறும்.

அதை நிலையாக வைக்க ஹோமின் .கான்ஃபிக், ஃபான்ட்கான்ஃபிக் இடத்தில் ஃபான்ட்ஸ் கான்ஃப் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் ஒரு விதி எழுதலாம். குடும்பம் சான்ஸ்-செரிஃப், மொழி டிஏ, இரண்டும் பொருந்தினால் நோட்டோ சான்ஸ் தமிழை முன்னால் சேர், பிணைப்பு ஸ்ட்ராங். மொழிச் சோதனையை விட்டுவிட்டால் அந்த எழுத்துரு எல்லா மொழிக்கும் முன்னால் போய் நிற்கும். பல தமிழ் எழுத்துருக்களுக்குள் ஆங்கில எழுத்துகளும் இருப்பதால் மெனு, வலைப்பக்கம் எல்லாவற்றிலும் ஆங்கிலமும் அதிலிருந்தே வரத் தொடங்கும். மாற்றியதும் எஃப்சி-கேஷ் ஓட்டிவிட்டு, திறந்திருக்கும் செயலிகளை மூடித் திறங்கள்.

பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களை டிடிபி வேலைக்காக வைத்திருப்பவர்கள் அவற்றை இடைமுக எழுத்துருவாகத் தேர்ந்தெடுத்துவிட வேண்டாம். அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அடுத்த நொடி ட்வீக்ஸின் மெனுவே படிக்க முடியாததாகிவிடும்.

தீம் தேர்விலும் ஒன்றைப் பாருங்கள். 'காம்பாக்ட்' என்று பெயர் கொண்ட தீம்கள் தலைப்புப்பட்டை, பட்டியல் வரிசை ஆகியவற்றின் உயரத்தை ஆங்கில எழுத்தை அளந்து இறுக்கியிருக்கும். கோப்புப் பெயர் தமிழில் இருந்தால் 'கீ'யின் மேற்சுழியும் 'கூ', 'ழு' போன்றவற்றின் கீழ்ப்பகுதியும் வெட்டுப்படும். சோதனைப் பயனரில் 'கீழூர் கூட்டுறவு' என்று ஒரு கோப்புறை உருவாக்கிப் பட்டியல் பார்வையில் பாருங்கள், ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, @மூன்றடுக்கு சொன்ன டிகான்ஃப் விஷயத்தோடு. எல்லாம் குழம்பிவிட்டது என்று க்னோம் கிளை முழுவதையும் ரீசெட் செய்யச் சொல்லும் பதில்கள் இணையத்தில் நிறைய. அது தோற்றத்தை மட்டும் அழிக்காது. நீங்கள் சேர்த்த தமிழ்99 உள்ளீடு, சொந்தமாக வைத்த குறுக்குவிசைகள் எல்லாவற்றையும் சேர்த்துத் துடைக்கும். தோற்றம் இருக்கும் கிளை டெஸ்க்டாப், அதற்குள் இன்டர்ஃபேஸ். அதை மட்டும் ரீசெட் செய்தால் போதும்.

பழையபெட்டி

4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினி வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் பற்றிச் சுருக்கமாக.

இதில் தோற்றம் மூன்று இடத்தில் இருக்கும்: அப்பியரன்ஸ், விண்டோ மேனேஜர், பேனல். தீமை அப்பியரன்ஸில் மட்டும் மாற்றிவிட்டுத் தலைப்புப்பட்டை மாறவில்லையே என்று தேடுவார்கள், அது விண்டோ மேனேஜரில் தனி. சாளர விளிம்பு 1 பிக்சல் உள்ள தீம் போட்டால் மூலையைப் பிடித்து இழுக்கவே முடியாது. தீமைக் குறை சொல்லிக்கொண்டிருக்காமல் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு வலது பொத்தானால் இழுங்கள், அல்லது ஆல்ட்+எஃப்8.

பேனலை மாற்றும் முன் பேனல் ப்ரொஃபைல்ஸ் கருவியில் ஒரு நகல் சேமியுங்கள். அமைப்புக் கோப்புகளைக் கையால் மாற்றுவதானால் வெளியேறிவிட்டு உரைத்திரையிலிருந்து செய்யுங்கள். அமைப்புகளைப் பின்னணியில் பார்த்துக்கொள்ளும் எக்ஸ்எஃப்கான்ஃப்டி நினைவில் வைத்திருப்பதை மேலெழுதும், பிளாஸ்மாவில் சொன்ன அதே தொல்லை.

லினக்ஸ் மின்ட் சின்னமன் ஆட்களுக்கு: மின்ட் 22-ல் கால்குலேட்டர், காலண்டர், சிஸ்டம் மானிட்டர் போன்ற சில க்னோம் செயலிகளை வேண்டுமென்றே ஜிடிகே 3 பதிப்புக்குத் திரும்பக் கொண்டுபோனார்கள், தீம் ஒத்துவர வேண்டும் என்பதற்காகவே. ஒரே தோற்றம் எல்லாச் செயலியிலும் வேண்டும், நோண்டவும் வேண்டாம் என்றால் அதுதான் சுலபம். குழம்பினால் பட்டையில் வலது சொடுக்கு, ட்ரபிள்ஷூட், எல்லா அமைப்பையும் இயல்புநிலைக்கு.

வெண்கலம்

எல்லோருக்கும் நன்றி. பேப்பிரஸ், டாக், ஸ்கேலிங் 1.15 மூன்றும் என் கணக்கிலேயே வைத்துவிட்டேன், நன்றாக இருக்கிறது.

மேக் தீமை மட்டும் சோதனைப் பயனரில், அதன் நிறுவல் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தேன். தமிழ்க் கோப்புறைப் பெயர் வெட்டுப்படுகிறது, எழுத்தாணி சொன்ன மாதிரியே. வேண்டாம் என்று ட்வீக்ஸில் யாருவைத் திரும்பத் தேர்ந்தெடுத்து .தீம்ஸ் கோப்புறையையும் அழித்துவிட்டேன். டெர்மினல் சரியாகிவிட்டது. ஆனால் ஃபைல்ஸ், செட்டிங்ஸ் இரண்டும் இன்னும் மேக் பொத்தான்களோடு இடது பக்கத்தில் நிற்கின்றன. லைட் மோடுக்கு மாற்றினாலும் கருப்பு போகவில்லை. அந்தப் பயனரை அழித்துவிடலாம்தான், ஆனாலும் காரணம் தெரிந்தால் நல்லது. உள்நுழைவுத் திரையின் தோற்றத்தை மட்டும் மாற்ற முடியுமா?

மூன்றடுக்கு

ஸ்கிரிப்ட் ஜிடிகே 4 கோப்புகளை .கான்ஃபிக் கோப்புறைக்குள் நகலெடுத்திருக்கிறது. .தீம்ஸை அழித்ததால் அது போகாது. வெறும் இணைப்பாக வைத்திருந்தால் மூலம் அழிந்ததும் செத்திருக்கும், நகல் என்பதால் உயிரோடு இருக்கிறது. லைட் மோடு வேலை செய்யாததற்கும் அதுதான் காரணம், உங்கள் சிஎஸ்எஸ் செயலியின் சிஎஸ்எஸ்ஸுக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

.கான்ஃபிக்கில் ஜிடிகே-4.0 கோப்புறையைத் திறந்து ஜிடிகே சிஎஸ்எஸ், ஜிடிகே-டார்க் சிஎஸ்எஸ், அசெட்ஸ் மூன்றையும் நீக்குங்கள். பக்கத்தில் இருக்கும் ஜிடிகே-3.0 கோப்புறையை அதே கையோடு அழித்துவிடாதீர்கள். ஃபைல்ஸின் இடப்பக்கப் புக்மார்க்குகள் இன்றும் அந்தக் கோப்புறையில்தான் சேமிக்கப்படுகின்றன. நீக்கிய பிறகு ஃபைல்ஸை மூடித் திறந்தால் போதாது, அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். நாட்டிலஸ் கட்டளைக்குக் கியூ தேர்வு கொடுத்து நிறுத்திவிட்டுத் திறங்கள்.

பொத்தான்கள் இடது பக்கம் போனது சிஎஸ்எஸ் இல்லை, அது டிகான்ஃபில் தனி அமைப்பு. ட்வீக்ஸ், விண்டோஸ் பகுதியில் பொத்தான்களின் இடத்தை வலது என்று மாற்றுங்கள். ஃபிளாட்பேக் ஏதாவது வைத்திருந்தால் ஃபிளாட்பேக் ஓவர்ரைடு கட்டளையை யூசர், ஷோ தேர்வுகளோடு ஓட்டிப் பாருங்கள். சில ஸ்கிரிப்டுகள் சாண்ட்பாக்ஸுக்கும் ஓட்டை போட்டு வைத்திருக்கும்.

உள்நுழைவுத் திரையைத் தொட வேண்டாம். அதன் தோற்றம் ஜிரிசோர்ஸ் என்ற தொகுக்கப்பட்ட கோப்புக்குள், கணினி முழுமைக்குமான இடத்தில் இருக்கிறது. மாற்றினால் அடுத்த புதுப்பித்தலில் மேலெழுதப்படும். பிழையாக மாற்றினால் எந்தப் பயனரும் உள்ளே வர முடியாது, சோதனைப் பயனர் தந்திரமும் அங்கே செல்லாது. ஏற்கெனவே மாற்றிச் சிக்கிக்கொண்டவர்கள் கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்3-ல் நுழைந்து யாரு-தீம்-க்னோம்-ஷெல் பொதியை ஏபிடியில் ரீஇன்ஸ்டால் தேர்வோடு நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.